கிளட்ச் வேண்டுமா, வேண்டாமா: கிள்ளானில் ஒரு சனிக்கிழமையும் ஒரு சைட்காரும்

இந்தப் பதிவுகளைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு முதலில் ஒரு விஷயம். எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது என் மனைவி பிலோமினா. பின்னால் உட்கார்ந்து வருவது நான். என் பார்வை வருடத்துக்கு வருடம் சுருங்கி, இப்போது ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நேரே உள்ளது மட்டும் தெரிகிறது. பக்கவாட்டில் எதுவும் தெரியாது. மருத்துவமனை ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கிறேன். பத்தொன்பது வருடங்கள் பிலோவின் கப்சாய் எனும் சின்ன பைக்கின் பின்சீட்டில்தான் நான் நாடு பார்த்தேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு அவளுக்குப் பக்கவாதம் வந்தது. இடது காலுக்குத் தெம்பு பெரும்பாலும் திரும்பிவிட்டது, இடது கைக்கும் திரும்பிக்கொண்டிருந்தது. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். கப்சாயை விற்றுவிட்டோம். போன தவக்காலத்தில் ஒரு நாள் டாக்டரிடமிருந்து கடிதத்தோடு வந்தாள். மூன்று சக்கர வண்டி என்றால் ஓட்டலாமாம். சைட்கார் வைத்த பைக் வாங்குவது என்று அன்றே முடிவு. முடிவாகாதது ஒன்றுதான்: கிளட்ச் பிடித்து கியர் மாற்றும் மேனுவலா, கிளட்ச்சே இல்லாமல் காலால் மட்டும் கியர் மாற்றும் செமி-ஆட்டோவா?

"பாசாருக்குப் போறவங்களுக்குத்தான் செமி-ஆட்டோ. நமக்கு மலை ஏறணும்லா" என்றாள் பிலோ.

சனிக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு நடந்தோம், பன்னிரண்டு நிமிடம். ஏழே முக்காலுக்கு கொமுட்டர் ரயில். கிள்ளான் சேர ஒரு மணி ஐந்து நிமிடம் ஆனது. மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால் கட்டணம் குறையும், மறக்காமல் எடுத்துப் போங்கள். கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து மேரு சாலையில் உள்ள பட்டறைக்கு ஆறு கிலோமீட்டர், வாடகைக் காருக்கு 9 ரிங்கிட்.

பட்டறைக்காரர் ரஹீம் சைட்கார் பொருத்துவதையே தொழிலாக வைத்திருக்கிறார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், பேச்சு குறைவு. இரண்டு வண்டிகளைத் துடைத்து வைத்திருந்தார். ஒன்று 150 சிசி மேனுவல், ஐந்து கியர், 7,500 ரிங்கிட். இன்னொன்று 125 சிசி செமி-ஆட்டோ, நான்கு கியர், 6,800. இரண்டிலும் சைட்கார் இடப்பக்கம்.

பட்டறைக்குப் பின்னால் காலி இடத்தில் முதலில் மேனுவலை ஓட்டினாள். சைட்கார் வண்டி பைக் போலச் சாயாது, கையால் திருப்ப வேண்டும். வேகம் கொடுத்தால் இடப்பக்கம் இழுக்கும், பிரேக் பிடித்தால் வலப்பக்கம் இழுக்கும். இடது வளைவில் சைட்கார் சக்கரம் தூக்கப் பார்க்கும், அதில் இருப்பவர் இடப்பக்கம் சாய்ந்துகொடுக்க வேண்டும். என் வேலை அதுதான். நாலு சுற்று சுற்றியதும் பிலோ சத்தம் போட்டுச் சிரித்தாள். இரண்டு வருடங்களாக அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை.

"இதான் வண்டி. வேற பார்க்க வேணாம்" என்றாள்.

ரஹீம் உடனே தலையாட்டவில்லை. "காலி எடத்துல எல்லா வண்டியும் நல்லாத்தான் ஓடும் அக்கா. ஜாம்ல ஒரு தடவ ஓட்டிப் பாருங்க. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

பத்து மணிக்குக் கிளம்பினோம். கோத்தா பாலத்தைத் தாண்டி, தெங்கு கெலானா சாலையில் துணிக்கடைகள் இருக்கும் பக்கம் வரை போய்த் திரும்புவது திட்டம். சனிக்கிழமை நெரிசலில் பாலத்தின் ஏற்றத்திலேயே வண்டிகள் நின்றுவிட்டன. ஐந்தடி நகர்வது, நிற்பது, மறுபடி ஐந்தடி. ஒவ்வொரு முறையும் கிளட்ச்சை அழுத்திப் பிடித்து மெல்ல விட வேண்டும். ஏழோ எட்டோ முறைக்குப் பிறகு வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது. ஸ்டார்ட் செய்தாள், மறுபடி அணைந்தது. மூன்றாவது முறை பின்னால் உருளத் தொடங்கியது. ரஹீம் காலை ஊன்றிக் கத்தினார், "பிரேக் அக்கா, பிரேக்!" பின்னால் ஒரு லோரி நீளமாக ஹாரன் அடித்தது.

பிரேக் பிடித்துவிட்டாள். வண்டி நின்றது. நான் திரும்பி அவளைப் பார்த்தேன். இடது கை கிளட்ச் மேல் இருந்தது, விரல்கள் மூடாமல்.

"கை மூட மாட்டேங்குதுங்க" என்றாள்.

ரஹீம் இறங்கி, அவளைப் பின்சீட்டுக்கு மாற்றிவிட்டு, தானே ஓட்டிப் பாலத்தைக் கடந்தார். அக்கரையில் ஒரு மாமாக் சாப்பாட்டுக்கடை முன்னால் நிறுத்தி, "நீங்க சாப்புடுங்க. நான் பக்கத்துல ஒரு ஆளப் பாத்துட்டு வரேன்" என்று போய்விட்டார். பார்க்க ஆளே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

இரண்டு ரொட்டி சானாய், இரண்டு தே தாரிக் டீ, 7 ரிங்கிட் 40 சென். பிலோ தொடவில்லை.

"எட்டு மாசத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க, இதுக்கு மேல கை வராதுன்னு."

"யாரு?"

"பிசியோல. அதுக்கப்புறம் நான் போகவே இல்ல."

"புதன்கிழமை புதன்கிழமை போனியே?"

"சர்ச்சுல உக்காந்திருப்பேன். சில நாள் ஸ்டேஷன்ல." அவள் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "வீட்டுக்கு வந்ததும் நீங்க, இன்னைக்கு எவ்வளவு மூடுச்சுன்னு கேப்பீங்க. கொஞ்சம் கூடுதலா மூடுச்சுன்னு சொன்னா உங்க மொகம் அவ்வளவு நல்லா இருக்கும். எப்படி இல்லன்னு சொல்றது?"

எனக்குக் கோபம் வரவில்லை. எட்டு மாதமாக ஒவ்வொரு புதன்கிழமையும் அவளைத் தனியாக உட்கார வைத்தது என் கேள்வி. நான் மறைத்ததையும் அப்போதுதான் சொன்னேன்.

"நீ மறுபடி ஓட்டவே கூடாதுன்னு நான் வேண்டிக்கிட்டிருந்தேன் பிலோ."

பக்கவாதம் வந்தது வண்டியில் போகும்போதுதான், சுங்கை வே பகுதியில். அவள் முதுகில் சாய்ந்துகொண்டு நான் ஏதோ பேசிக்கொண்டே வந்தேன். அவள் முகம் கோணிப்போனது எனக்குத் தெரியவே இல்லை. வண்டி ஓரமாக நின்றதும், டீ குடிக்க நிறுத்துகிறாள் என்று நினைத்தேன்.

"பின்னாலயே உக்காந்திருந்தும் தெரியலயே. மறுபடி அப்படி ஆனா நான் என்ன பண்ணுவேன்?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, "அன்னைக்கு ஓரமா நிறுத்தினேன்ல?" என்றாள்.

"நிறுத்தின."

"உங்களுக்கு ஒரு கீறல் உண்டா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? சாப்புடுங்க, ஆறுது." தன் ரொட்டியையும் வலது கையால் பிய்த்து என் தட்டில் பாதி வைத்தாள்.

ரஹீம் வந்து எங்களைப் பட்டறைக்குத் திரும்பக் கூட்டிப்போனார். பன்னிரண்டு மணிக்கு செமி-ஆட்டோவில் அதே பாலத்துக்குப் போனோம். ரஹீம் சொல்லிக்கொடுத்தது இரண்டே வாக்கியம்: "இடது கைக்கு ஹேண்டில பிடிக்கிறது மட்டுந்தான் அக்கா வேல. ஆக்ஸிலேட்டரை முழுசா விட்டுட்டு கால்ல கியர் மிதிங்க, இல்லன்னா குலுக்கும்." முதல் இரண்டு முறை குலுக்கியது. ஏற்றத்தில் முக்கி முனகித்தான் நகர்ந்தது. நெரிசல் காலையைவிட மோசம். பதினாறு நிமிடத்தில் பாலத்தைக் கடந்தோம், ஒருமுறைகூட அணையவில்லை. அதைத்தான் வாங்கினோம்.

உங்களுக்கும் இதே கேள்வி என்றால் எங்கள் அனுபவம் இதுதான். இரண்டு கையும் தெம்பாக இருந்து மலைப்பாதை அதிகம் போவீர்களானால் மேனுவலின் இழுவை நல்லது. இடது கையில் குறை இருந்தால் செமி-ஆட்டோ. ஆனால் அதற்கு இடது பாதம் ஒத்துழைக்க வேண்டும். பாதமும் முடியாதென்றால் கியரைக் கைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். இண்டிகேட்டரும் ஹாரனும் இடது கைப் பக்கம்தான் இருக்கும், எங்களுக்கு ரஹீம் வலப்பக்கம் மாற்றிக் கொடுத்தார். லைசென்ஸ், பதிவு, மாற்றியமைத்ததற்கான அனுமதி எல்லாவற்றையும் பணம் கட்டுவதற்கு முன்பே போக்குவரத்து இலாகாவில் நேரில் கேட்டுவிடுங்கள். எங்களுக்கு ஆறு வாரம் பிடித்தது. முக்கியமாக, காலி இடத்தில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏற்றமும் நெரிசலும் உள்ள சாலையில், ஓட்டத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சுங்கை பூலோவுக்குச் செடி வாங்கப் போனோம். நகரத்தை விட்டு வெளியேறும் முன் ஒரு சிவப்பு விளக்கு, நீளமான விளக்கு. சைட்கார் இருக்கை தாழ்வு என்பதால் என் தலை அவள் இடுப்பளவுக்குத்தான் வரும். நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது தோளில் ஏதோ கனமாக இறங்கியது.

"கை உங்க தோள் மேலதானே இருக்கு?" பிலோ கேட்டாள். "இந்தக் கையில தொடறது எனக்குத் தெரிய மாட்டேங்குது."

"அங்கதான் இருக்கு" என்றேன்.

பச்சை விழும்வரை அவள் அதை எடுக்கவில்லை.