புகையிலைக் கிறுகிறுப்பு

உலகச் சண்டைக் காலம், புகையிலைக்கு நல்ல விலை என்று நாமக்கல்லுக்கு மேற்கே எங்கள் தோட்டத்தில் முதல்முறையாகப் புகையிலை போட்டோம். பனி காய்வதற்குள் கொழுந்து கிள்ளிவிட வேண்டும் என்பது மாமனார் சட்டம். இலைச்சாறும் பனியும் சேர்ந்து சேலை தொப்பலாகிவிடும். நானும் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவியும் ஒரே பாத்தியில் நின்றோம். நான் அக்கா என்று கூப்பிடும் அவள் புருஷனை இழந்து இரண்டு வருஷம். மூன்று வயதில் ஒரு பையன் இருந்தான். எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், வயிறு திறக்கவில்லை.

மூன்று நாள் தொடர்ந்து எனக்குத் தலை தட்டாமாலை சுற்றியது. வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். அக்காவும் எடுத்தாள். மாமியார் என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்துப் பனங்கற்கண்டுப் பால் கொடுத்தாள். அக்காவின் முடியைப் பிடித்து இழுத்துவந்து, "ஆருடி அவன்?" என்று கேட்டாள்.

நாலாம் நாள் நான் வீட்டுக்குத் தூரமானேன். சுற்றவைத்தது பிள்ளை இல்லை, அந்த ஈர இலைதான் என்று அப்போதுதான் புரிந்தது. வெளியே சொன்னால் பால் நின்றுவிடும், மறுபடியும் மலடிப் பட்டம். துணியைத் திருட்டுத்தனமாக அலசிப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் ஆத்தூர்ப் பக்கமிருந்து அக்காவின் அப்பாவை வரவழைத்திருந்தார்கள். வாசலில் எல்லோரும் நிற்க, அக்கா என்னைத்தான் பார்த்தாள்.

"அம்மணி, நீயும் எங்கூடத்தான நின்னே? உனக்கும் சுத்துச்சல்லோ? அந்த எலதான்னு சொல்லு சாமி. எம் பையனை உட்டுப்போட்டு நான் எங்க போவேன்?"

மாமனார் என் பக்கம் திரும்பினார்.

"எனக்குப் புள்ளை உண்டானதுனாலதானுங்க மாமா. அக்காளுக்கு எதனாலன்னு எனக்கெப்படித் தெரியுமுங்க?" என்றேன். குரல் நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை.

பையனைப் பிடுங்கிக்கொண்டு அவளை அனுப்பினார்கள். அடுத்த மாதம், கலைந்துவிட்டதென்று அழுது காட்டினேன். ஊரே எனக்காக உச்சுக் கொட்டியது. ஆறுதலுக்கு என்று பையனை என் மடியில் போட்டார்கள். அங்கே அக்காவுக்கு ஒன்றும் பிறக்கவில்லை என்று பிறகு சேதி வந்தது. "கலைச்சிருப்பா" என்று மாமியார் முடித்துவிட்டாள்.

பையனுக்கு ஆறு வயதானபோது ஒருநாள் அக்கா எங்கள் வேலியோரம் வந்து நின்றாள். இளைத்துக் கறுத்திருந்தாள்.

"அம்மா, அது ஆரு?" என்று கேட்டான்.

"கூலிக்கு வந்திருக்கா. வேலை இல்லீன்னு சொல்லிப்போட்டு வா சாமி."

ஓடிப்போய்ச் சொன்னான்.