நாற்பத்திரண்டாவது கட்டம்

பம்ப் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் பத்தொன்பது வருடம் குப்பை கொட்டியவர் பம்ப்பக்கா. ஓடுகிற பம்ப்பின் மேல் கையை வைத்தாலே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் வெறும் டிப்ளமோ. வடிவமைப்புப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்காரப் பட்டம் வேண்டும். அந்தக் கதவை அவர் ஏக்கத்தோடு பார்க்காத நாளில்லை.

அப்போதுதான் வேலை பார்த்துக்கொண்டே இன்ஜினியரிங் பட்டம் வாங்கும் படிப்பொன்றைப் பல்கலைக்கழகம் தொடங்க நினைத்தது. பாதி வகுப்பறையில், பாதி தொழிற்சாலையில். தொழிற்சாலையில் எதைக் கற்க வேண்டும் என்பதுதான் பேராசிரியர்களுக்குப் பிடிபடவில்லை. அக்காவை அழைத்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். நாற்பத்தொரு திறன்கள் தேறின. கிளம்பும்போது அக்கா சும்மா இருந்திருக்கலாம்.

"மேல இருக்கறவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லவும் தெரியணும் சார். அதையும் சேத்துக்கோங்க" என்றார்.

நாற்பத்திரண்டு ஆயிற்று.

முதல் ஆளாகச் சேர்ந்ததும் அவர்தான். நான்கு வருடம், பள்ளியில் படிக்கும் மகளிடம் திட்டு வாங்கிக்கொண்டே கணக்குப் போட்டு எல்லாத் தேர்விலும் தேறினார். மிச்சம், அந்த நாற்பத்திரண்டு திறன்களுக்கும் கட்டம் போட்ட தொழிற்சாலைப் பயிற்சிப் படிவம். பிரிவின் மூத்த பயிற்சியாளர் கையெழுத்திட வேண்டும் என்றிருந்தது. மூத்த பயிற்சியாளர் அக்காவேதான். தனக்குத் தானே கையெழுத்துப் போடக்கூடாது என்று பல்கலைக்கழகம் கறாராகச் சொல்லிவிட்டது.

பொறுப்பு மேனேஜர் தலையில் விழுந்தது. நல்ல மனிதர்தான். பம்ப் பக்கம் வந்ததில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு திறனையும் அக்கா செய்து காட்டி விளக்க, அவர் தலையாட்டிக்கொண்டே டிக் அடித்தார். மூன்று வாரம் ஆயிற்று. அந்த ஆண்டின் சிறந்த வழிகாட்டி என்று பல்கலைக்கழகம் அவருக்குக் கேடயமும் அனுப்பியது.

படிவம் திரும்பி வந்தது. நாற்பத்தொரு டிக். கடைசிக் கட்டத்தில் மட்டும் மேனேஜர் நேர்மையாக எழுதியிருந்தார்: 'இவர் விளக்குவது எனக்கு இன்னும் புரியவில்லை. மேலும் ஆறு மாதப் பயிற்சி தேவை.'

அக்கா படிவத்தை மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தார். ஆறு மாதத்துக்குக் கதவு திறக்காது. போதாக்குறைக்கு, அந்தக் கட்டம் அவர் வாயாலேயே வந்தது.

"பாஸாம்மா?" என்று வீட்டில் மகள் கேட்டாள்.

அக்கா சாப்பாட்டுப் பையை மேஜைமேல் வைத்தார்.

"நான் எப்பவோ பாஸ்டி. மேனேஜர்தான் இன்னும் தேறல. நாளையிலேர்ந்து மறுபடி முதல்லேர்ந்து சொல்லிக் குடுக்கணும்."