ரயில் பக்கத்து வாசல்

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கதிர்காமத்தில் என் தாய்மாமா வீட்டுக்குப் புதிதாகப் போகிறவர்கள் சுவரில்தான் போய் முட்டிக்கொள்வார்கள். தெருவைப் பார்த்திருந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, பின்பக்கம் புது வாசல் வைத்திருந்தார் மாமா. அந்தப் பக்கம்தான் ரயில் வரப்போகிறது என்று ஊரே பேசியது.

மல்லாட்டை விளைந்த நிலத்தில் யாரோ வந்து சங்கிலி பிடித்து அளந்து, வெள்ளையடித்த கற்களை நட்டுவிட்டுப் போனார்கள். அது போதாதா? ஏர் நின்றது. நிலமெல்லாம் மனைகளாயிற்று. ஒருவர் லாட்ஜ் கட்ட ஆரம்பித்தார். மாமா அத்தையின் வளையல்களை விற்று, கற்களைப் பார்த்தபடி ஒரு டீக்கடை போட்டார். டீ குடித்தாலே நெஞ்சு கரிக்கும் என்று நீராகாரம் குடிப்பவர் அத்தை. டீக்கடைக்காரி என்ற பட்டம் மட்டும் அவருக்கு நிலைத்தது.

ரயில் வரவில்லை. திரும்ப விதைக்கவும் யாருக்கும் மனமில்லை. குருசுக்குப்பத்திலிருந்து முழுப்பரீட்சை லீவுக்கு நான் போனபோது, மனைகளில் வேலிகாத்தான் மண்டிக் கிடந்தது. சாயங்காலக் காற்று லாட்ஜின் வெறும் ஜன்னல்களில் நுழைந்தால் பத்துப் பேர் கூடிப் பேசுவதுபோல் கேட்கும். நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

மில் சங்கு ஊதியதும் மாமா கிளாஸ்களில் டீ ஊற்றி பெஞ்சின் ஓரமாக வரிசையாய் வைப்பார். "ரயில்ல எறங்குறவங்க களைச்சுப்போய் வருவாங்க" என்று சொல்லிவிட்டு, அரிக்கேன் விளக்கோடு கற்களை நோக்கி நடப்பார். திரும்பி வரும்போது கிளாஸ்கள் காலியாக இருக்கும்.

"குடிச்சிட்டாங்களா?" என்பார்.

"குடிச்சிட்டுப் போயிட்டாங்க" என்பார் அத்தை.

"சக்கர போதும்னாங்களா?"

"போதும்னாங்க."

மாமா பெஞ்சுக்கு அடியில் விளக்கைக் காட்டி ஒருமுறை பார்த்துவிட்டு, நிம்மதியாகச் சாப்பிட உட்காருவார். நானோ வாசலுக்கு முதுகு காட்டி உட்காரமாட்டேன். கிளாஸ்களின் உள்ளே நுரை ஒட்டியிருந்ததை நானே பார்த்திருந்தேன்.

ஒருநாள் துணிந்து கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். பெஞ்சில் அத்தை மட்டும்தான் இருந்தார். ஒரு கிளாஸை ஒரே மூச்சில் குடித்தார். இருந்த இடத்திலேயே அதை வைத்தார். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து அடுத்ததை எடுத்தார். கடைசி கிளாஸில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"மாமாகிட்ட சொல்லிடாத கண்ணு. கீழ ஊத்துனா ஈரம் காட்டிக் குடுத்துடுது" என்றார். பிறகு கடைசி கிளாஸையும் எடுத்துக்கொண்டார்.

மறுநாளே அழுது அடம்பிடித்து வீடு வந்து சேர்ந்தேன். ரயில் பேய்கள் அத்தை மேல் இறங்கி டீ குடிக்கின்றன என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பிறகு அந்த வீட்டில் நான் தங்கியதே இல்லை.

அத்தைக்கு டீ ஆகாது என்பது எனக்கு அப்போதே தெரியும். அதனால்தான், குடித்தது அத்தையாக இருக்கவே முடியாது என்று அவ்வளவு உறுதியாக நம்பினேன்.