சம்பளத்துக்கு அந்நியர்

நாகமலை புதுக்கோட்டை பஸ்ஸில் யாராவது கைக்குழந்தையோடு ஏறினால், முத்துத்தாய் உடனே ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். குழந்தை அவர் கொண்டையைப் பிடித்து இழுத்தாலும் மலையைத்தான் பார்ப்பார். கல்நெஞ்சம் என்று நினைத்துவிடக் கூடாது. அது தொழில் பயிற்சி.

முத்துத்தாயின் உத்தியோகம், அந்நியராக இருப்பது. தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள ஒட்டுதலை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆராயத் தொடங்கிய பத்மாசினி என்ற பெண் உண்டாக்கிய பதவி அது. ஓர் அறை, ஜமுக்காளம், கிலுகிலுப்பை. அம்மாவும் குழந்தையும் இருக்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் உள்ளே வந்து உட்கார வேண்டும். மணி அடித்ததும் அம்மா வெளியே போவார். குழந்தை என்ன செய்கிறது, திரும்பி வந்த அம்மாவிடம் எப்படிச் சேர்கிறது என்பதைப் பத்மாசினி அடுத்த அறையிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்ப்பார்.

முதல் அந்நியர், வாட்ச்மேன் வெள்ளைத்துரை. அவர் மீசையைப் பார்த்துக் குழந்தைக்கு முந்தி அம்மா அழுதுவிட்டதால், கேன்டீனில் இட்லி அவித்துக்கொண்டிருந்த முத்துத்தாய் பதவியேற்றார். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. “அடுப்புல வெந்த உசுருக்கு இப்பத்தேன் காத்து வருது” என்பார்.

பதவிக்கு வேண்டிய தகுதிகள் எல்லாம் அவரிடம் இருந்தன, ஒன்றைத் தவிர. எதிரே ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு ஊரைக் கேட்காமல் இருக்க அவருக்கு வராது.

“எந்தூரு தாயி?”

“செக்கானூரணிப் பக்கம்.”

“அங்கிட்டு யாரு வீடு?”

“மலைச்சாமி மக.”

“கருத்தக்கண்ணன் மச்சினன் மலைச்சாமியா? அடியே, அப்ப நீ எனக்கு மகமொறைல்ல வேணும்.”

அத்தோடு விஞ்ஞானம் முடிந்தது. மணி அடித்தாலும் அம்மா எழுந்திருப்பதில்லை. “எங்க சின்னாத்தாவ இம்புட்டு நாள் கழிச்சுப் பாத்துருக்கேன். செத்த இருங்க, வாரேன்.” குழந்தை அந்நியரைக் கண்டு அஞ்சியதா என்ற கேள்விக்கு எதிரே, ‘அந்நியர் மடியில் தூங்கியது’ என்று பத்மாசினி எழுத வேண்டியதாயிற்று. வந்த தாய்மாரில் பாதிப் பேர் முத்துத்தாய்க்குச் சொந்தமானார்கள். மீதிப் பேர் விஷயத்தில் விசாரணை நடந்துவந்தது.

பத்மாசினி ஒருநாள் கறாராகச் சொல்லிவிட்டார். “முத்துத்தாயம்மா, அடுத்த குழந்தையும் கெட்டுப்போச்சுன்னா, ஹாஸ்டல்ல இருந்து ஒரு பொண்ணைக் கூட்டி வந்து உக்கார வச்சிருவேன். நீங்க கேன்டீனுக்குத்தான் போகணும்.”

“ஊரு பேரு ஒரு வார்த்த கேக்காட்டி வந்த பொண்ணு என்னைய என்னன்டு நினைக்கும், டீச்சரம்மா?”

“அந்நியர்னு நினைக்கும். அதுக்குத்தானே சம்பளம்.”

அடுத்து வந்தவள் ஆனையூர் தங்கப்பொண்ணு. முத்துத்தாய் வாய் கொள்ளாமல் வெற்றிலையை அடைத்துக்கொண்டு உள்ளே போய், ஜமுக்காளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். சோதனை வேறு வழியில் வந்தது.

“அம்மாவுக்கு எந்தூரு?” என்றாள் தங்கப்பொண்ணு.

முத்துத்தாயின் கன்னம் துடித்தது. “ம்” என்றார்.

மணி அடித்தது. தங்கப்பொண்ணு வெளியே போனாள். குழந்தை கதவைப் பார்த்தது, முத்துத்தாயைப் பார்த்தது, பிறகு சாஸ்திரப்படி அழுதது. நீட்டிய கிலுகிலுப்பையைத் தட்டிவிட்டது. அம்மா வந்ததும் கழுத்தைக் கட்டிக்கொண்டு அடங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் பத்மாசினிக்கு ஆனந்தக் கண்ணீர்.

“இன்னைக்குத்தான் நீங்க அந்நியர், முத்துத்தாயம்மா. இதே குழந்தை அடுத்த வாரமும் வருது. அதுவரைக்கும் அது உங்க முகத்தைப் பாக்கவே கூடாது.”

முத்துத்தாய் பெருமையோடு தலையாட்டிவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு, பஸ் ஸ்டாப்புக்கு வந்தார். அங்கே தங்கப்பொண்ணு பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

“உள்ள ஒரு அம்மா உக்காந்துருந்துச்சு. பாவம், ஊமை.”

கேன்டீன் புகையைக்கூடத் தாங்கிவிடலாம், இந்தப் பேரைத் தாங்க முடியாது. முத்துத்தாய் முந்தானையை எடுத்து முகம் முழுக்க மூடிக்கொண்டு, தட்டுத்தடுமாறிக் கிட்டே போனார்.

“ஊமையில்ல தாயி. நீ எந்தூரு, யாரு வீடு?”

தங்கப்பொண்ணு திகைத்து நிற்க, இடுப்பிலிருந்த குழந்தை கையை நீட்டி முந்தானையை இழுத்தது. முகம் வெளிப்பட்டது. குழந்தை கெக்கலித்துச் சிரித்தது. முத்துத்தாய் பதறிப்போய் மூடிக்கொண்டார். குழந்தை மறுபடி இழுத்தது.

பஸ் வந்து நின்றது. முத்துத்தாய் ஏறவில்லை. ஆராய்ச்சிக் கட்டிடத்தின் ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, முந்தானையை இன்னொரு தடவை முகத்தில் போட்டுக்கொண்டார். இந்தத் தடவை மெதுவாக, ஒரு கண் மட்டும் வெளியே தெரியும்படி.