கூப்பிட்டால் கட்டிப்போடுவார்கள்

எங்கள் வீட்டில் நாயைக் கூப்பிடுவது என்றால் கட்டிப்போடுவதற்குத்தான். யாரும் யோசித்து ஏற்படுத்திய வழக்கம் இல்லை. என் கணவருக்குத் திருப்பதியில் கோயில் கைங்கரியம். காலையில் குளித்து, மடி வேட்டி கட்டி, வீட்டுப் பெருமாளுக்குத் திருவாராதனம் முடித்துவிட்டுத்தான் கிளம்புவார். மடியாக இருப்பவரை நாங்களே தொடுவதில்லை, நாய் தொடலாமா? அதனால் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றதும் எங்களில் யாராவது வாசலுக்குப் போய், "வாடா கண்ணா, வா வா" என்று கொஞ்சிக் கூப்பிடுவோம். வாலை ஆட்டிக்கொண்டு வரும். பின்கட்டுக்கு அழைத்துப் போய்ச் சங்கிலியில் மாட்டிவிடுவோம். வீட்டில் திவசம் என்றாலும் அப்படித்தான், யாராவது பெரியவர்கள் வந்தாலும் அப்படித்தான்.

குட்டியைக் கொண்டுவந்தவள் பத்தாவது படிக்கும் என் மகள். மலையடிவாரத்தில் அலிபிரிப் பக்கம் மழையில் நடுங்கிக்கொண்டிருந்ததைப் பள்ளிப் பையோடு சேர்த்து அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். "வாசலோட இருக்கட்டும்" என்றார் அவர். வாசலோடு இருந்த குட்டி மெல்லக் கூடத்துக்கு வந்தது, பிறகு அவர் பேப்பர் படிக்கும் நாற்காலிக்கு அடியில் வந்து படுத்துக்கொண்டது.

கால்கள் நீண்டு, காது நிமிர்ந்த பிறகு அது கூப்பிட்டால் வருவதை நிறுத்திவிட்டது. எங்கள் குரல் கேட்டதுமே காருக்கு அடியில் புகுந்துகொள்ளும். கேட் திறந்திருந்தால் தெருவுக்கு ஓட்டம். அது ஓடினால் பின்னாலேயே என் மகளும் ஓடுவாள். ஸ்கூட்டர் வருகிறதா, பஸ் வருகிறதா என்று பார்க்க மாட்டாள். அவள் கண்ணில் அந்த வால் மட்டும்தான் இருக்கும். நாய்க்கு என்ன ஆகுமோ என்று நான் பயந்ததைவிட, அதன் பின்னால் போகிறவளுக்கு என்ன ஆகுமோ என்று பயந்ததுதான் அதிகம்.

ஒருநாள் காலை பால்காரர் வந்தபோது கேட் இடுக்கில் நாய் நழுவி ஓடியது. நான் அடுப்படியில் இருந்தேன். வாசலிலிருந்து பால்காரரின் குரல் கேட்டது.

"அக்கா! பாப்பா நாய் பின்னாடி காட்டுப் பக்கம் ஓடிக்கினு கீதுக்கா! கால்ல செருப்புகூட இல்ல!"

எங்கள் தெரு முடிகிற இடத்தில் புதர் ஆரம்பிக்கும். அதைத் தாண்டினால் கம்பி வேலி, வேலியில் சிறுத்தை படம் போட்ட எச்சரிக்கைப் பலகை. வேலி ஓரிடத்தில் பிய்ந்திருந்தது. அங்கே நின்று மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை. உள்ளே ஏதோ சருகு மிதிபடும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. அந்தச் சில நிமிடங்களில் நான் மனதுக்குள் என்னவெல்லாம் பார்த்தேன் என்று எழுத இன்றும் மனம் வரவில்லை. கடைசியில் அவள் முட்செடிகளை விலக்கிக்கொண்டு, கை காலெல்லாம் கீறலோடு, நாயை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எதுக்கும்மா அழறே? பிடிச்சுட்டேனே!"

அவள் முழங்கையைப் பிடித்தபடியே வீடு வரை வந்தேன். கையை எடுத்தபோது அங்கே என் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். என் கணவருக்குத்தான் ஆற்றாமை அதிகம்.

"பால்காரர் கூப்பிட்டா ஓடிப் போறது. சாதம் போடறது நாம. நாம கூப்பிட்டா மட்டும் காது கேக்காது."

"அவர் கூப்பிட்டுச் சங்கிலியிலயா கட்டறார்?" என்றாள் மகள், கீறலுக்கு மருந்து தடவியபடி. "நம்மாத்துல கூப்பிட்டா அதுக்கு ஜெயில்தானேப்பா. நானா இருந்தாலும் வர மாட்டேன்."

கட்டுவதற்கு அல்லாமல் வேறு எதற்காவது அதைக் கூப்பிட்டிருக்கிறோமா என்று யோசித்தேன். சாப்பாட்டைக்கூடக் கட்டிய இடத்துக்குக் கொண்டுபோய்த்தான் வைத்திருக்கிறோம்.

மறுநாளிலிருந்து வீட்டில் சட்டம் மாறியது. கட்ட வேண்டுமென்றால் கூப்பிடக் கூடாது. அது இருக்கும் இடத்துக்கு நாமே போய்த்தான் சங்கிலியை மாட்ட வேண்டும். கூப்பிட்டு வந்தால் ஒரு தேங்காய்ச் சில், கழுத்தில் ஒரு தடவல், உடனே "போ" என்று விட்டுவிட வேண்டும். இதில் அதிகம் சிரமப்பட்டவர் என் கணவர். ஈரத் தலையோடு, மடி வேட்டியோடு, தீர்த்தச் சொம்பும் கையுமாகக் குளியலறை வாசலிலேயே காத்திருக்க, மகள் காருக்கு அடியில் தவழ்ந்து போவாள்.

"பெருமாள் அங்க காத்துண்டிருக்கார். இங்க நாய் மனசு வைக்கணுமாம்!"

"வெச்சாச்சுப்பா, ஒரு நிமிஷம்!"

சாயங்காலம் பக்கத்து மைதானத்துக்குப் போவோம். துணி உலர்த்தும் நைலான் கொடியை அவிழ்த்துக் கழுத்துப்பட்டையில் கட்டி, தூரமாகப் போக விட்டுக் கூப்பிடுவோம். நடைப்பயிற்சிக்கு வரும் ஒருவர் தினமும் நின்று பார்த்துவிட்டு, "இன்னாம்மா, நாயை வெச்சிக்கினு காத்தாடி உட்றியா?" என்று சிரிப்பார். முதலில் அது அசையவே அசையாது. பிறகு பாதி தூரம் வந்து நின்று என் கையைப் பார்க்கும். சங்கிலி இருக்கிறதா என்று பார்க்கிறது என்பது புரிந்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டுவேன். கொஞ்சம் கொஞ்சமாக முழுத் தூரமும் வந்தது. கொடி இல்லாமலும் வந்தது. மகளுக்கும் ஒரு நிபந்தனை போட்டேன்: அது ஓடினால் நீ நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், கூப்பிட மட்டும்தான் செய்ய வேண்டும். "சரி சரி" என்றாள். அந்தச் சரியை நான் நம்பவில்லை.

மாங்காய்ப் பருவத்தில் நாயையும் கூட்டிக்கொண்டு சித்தூருக்குப் போனோம். ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி என் நாத்தனாருக்குத் தோப்பு இருக்கிறது. மாம்பழக் கூழ் ஃபாக்டரிக்குக் காய் ஏற்றிப் போகும் டிராக்டர்கள் சாலையோரம் வரிசையாக நின்றிருந்தன. அவற்றை ஒட்டி லாரிகள் வேகம் குறைக்காமல் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் கிணற்றடியில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். ஒரு டிராக்டரின் மேல் ஏறிய குரங்கு மாங்காயோடு கீழே குதித்தது. நாய் பாய்ந்தது.

"மன்னி, கேட்டு தொறந்திருக்கு!" என்று நாத்தனார் அலறினாள்.

கேட்டுக்கு மிக அருகில் நின்றவள் என் மகள். நாய் அவளைத் தாண்டி வெளியே போனதைப் பார்த்தேன். அவள் ஒரு காலை முன்னால் வைத்ததையும் பார்த்தேன். லாரி ஹாரன் கேட்டது. அன்று காட்டு வேலிக்கு அருகே நின்றபோது இருந்த அதே பயம்தான். ஆனால் வாயிலிருந்து வந்தது மைதானத்துக் குரல்.

"வாடா கண்ணா, வா வா!"

சாலை விளிம்பில், டிராக்டர் சக்கரத்துக்குப் பக்கத்தில், அது நின்றது. குரங்கைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. பிறகு திரும்பி, காதுகள் பின்னால் மடங்க, நேராக என்னிடம் ஓடி வந்து முழங்காலில் மோதியது. அதன் கழுத்தைப் பிடித்தபடி நிமிர்ந்தேன். மகள் கேட் தூணைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். வெளியே ஓர் அடிகூட வைக்கவில்லை.

நாத்தனார் கேட்டை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள். நான் நாயை விடாமல் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகள் வந்து என் தோளைத் தட்டினாள்.

"விடும்மா. இப்பப் பிடிச்சு வெச்சுண்டா, அடுத்த தடவை வராது."

விரல்களைப் பிரிப்பது அத்தனை சுலபமாக இல்லை. "போ" என்றேன். அது உடலை உதறிக்கொண்டு, மாமர நிழலுக்கு ஓடிப் போய் எதையோ முகர ஆரம்பித்தது.

"நீ ஏண்டி ஓடலை?"

"நீதான் கூப்பிட்டியே" என்றாள், நான் என்னவோ புரியாமல் கேட்டுவிட்டதைப் போல. "வரும்னு தெரியும்."

என் கணவர் தண்ணீர்ச் சொம்போடு வந்தார். நான் குடித்ததைவிடப் புடவையில் கொட்டிக்கொண்டதுதான் அதிகம். மகள் எழுந்து நாயின் பின்னால் போனாள், ஓடாமல், நடந்து.