கீயை மூடிவிட்டுத் திட்டாதீர்கள்

எக்ஸ்சேஞ்சில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு முதலில் பழக்க வேண்டியது போர்டு அல்ல, வாய். இதை ஆறு வருடமாகச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. யாரும் கேட்பதாக இல்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் வேலை பார்ப்பது நன்னிலத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் நடவு, அறுப்பு என்று அடுத்தவர் வயலில் நின்றவர்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு "நம்பர் ப்ளீஸ்" என்று சொன்ன முதல் நாள், என் குரலைக் கேட்டு எனக்கே பெருமையாக இருந்தது. மறுமுனையிலிருந்து வந்த முதல் பதில் இது: "எவ அவ, புதுசா? சீக்கிரம் குடுடி."

1. ரிங் ஆஃப்

எங்கள் போர்டு பழையது. சந்தாதாரர் தன் வீட்டில் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே போர்டில் அவர் நம்பருக்கு உரிய ஷட்டர் என்ற சின்னத் தகடு விழும். நாங்கள் கார்டு என்ற ஒயரைச் செருகி, கீ என்ற சின்ன விசையைத் தள்ளினால் அவரோடு பேசலாம். கீயை மூடிவிட்டால் நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்காது. அவர் பேசி முடித்ததும் இன்னொரு தடவை கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அதுதான் ரிங் ஆஃப். அது வந்தால்தான் லைன் காலி என்று எங்களுக்குத் தெரியும்.

ஒருவரும் சுற்றுவதில்லை. ரைஸ் மில்காரர் சுற்றுவதில்லை, டாக்டர் சுற்றுவதில்லை, பஸ் முதலாளி சுற்றவே மாட்டார். தஞ்சாவூருக்கு இருப்பது ஒரே ஒரு ட்ரங்க் லைன். அதனால் நாங்கள் கீயைத் தள்ளி, "பேசியாச்சுங்களா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. பேசி முடித்திருந்தால் பதில் வராது. முடிக்கவில்லை என்றால் திட்டு வரும்.

திட்டு வாங்கியதும் எங்கள் பெண்கள் ஒரு காரியம் செய்வார்கள். கீயை மூடிவிட்டு, வாய் நிறையத் திருப்பித் திட்டுவார்கள். "அந்த ஆளுக்கா கேக்கப்போவுது?" என்பார்கள்.

"ஞாயித்துக்கிழமை ஜெபம் பண்றதும் இந்த வாய்தானே?" என்று நான் கேட்டால் சிரிப்பார்கள்.

"எஸ்தரக்கா ஓய்வுநாள் பள்ளி ஆரம்பிச்சிட்டாங்கடி. எல்லாரும் கையைக் கட்டுங்க."

2. சலோமி

சலோமி சம்பா அறுப்புக்குக் கொஞ்சம் முன்னால் தற்காலிக ஆபரேட்டராக வந்தாள். எங்கள் சபைப் பெண். அவள் வீட்டிலும் அவள்தான் முதலில் படித்தவள். அவள் அப்பா அந்த வருடம் கூலி உயர்வு கேட்டு அறுப்புக்கு இறங்காமல் நின்றவர்களில் ஒருவர். வரப்பில் கொடி நட்டிருந்தார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆளைக் கொண்டுவரப் பார்த்தார்கள்.

அந்த மிராசுதார்களில் ஒருவர் எங்கள் சபை மூப்பர். அவர் ஆராதனையில் ஜெபம் பண்ணினால் முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். "அடியேன் தூசி, ஆண்டவரே" என்பார். திங்கட்கிழமை போர்டில் அந்தத் தூசியைத் தேடினாலும் கிடைக்காது.

ஒரு நாள் காலை அவர் ட்ரங்க் லைனில் வெகுநேரமாக இருந்தார். டாக்டர் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அவசர கால் கேட்டுக் காத்திருந்தார். சலோமி கீயைத் தள்ளி, "பேசியாச்சுங்களா? டாக்டருக்கு அர்ஜென்ட் கால் இருக்குங்க" என்றாள்.

அவர் போட்ட சத்தம் பக்கத்து சீட்டில் இருந்த எனக்கே கேட்டது. யார் மகள் என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் அவரே அவள் அப்பா பெயரைச் சொன்னார். பிறகு அவள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்.

சலோமியின் கை கீயின் மேல்தான் இருந்தது. மூட மறந்துவிட்டாள். "இந்த வாய்லதான் வேதம் வாசிக்கிறியா? புழுத்துப் போவும்!" என்றாள்.

3. விசாரணை

மத்தியானம் மூப்பரின் கார் வாசலில் வந்து நின்றது. சாட்சிக்குப் போதகரையும் கூட்டி வந்திருந்தார். தற்காலிக ஆளை வீட்டுக்கு அனுப்ப எங்கள் சூப்பர்வைசர் வாயால் சொன்னாலே போதும். சலோமி சுவரோரம் நின்றாள்.

"எஸ்தர், பக்கத்து சீட்டு நீங்கதானே? இந்தப் பொண்ணு அப்படிச் சொல்லுச்சா இல்லையா?" என்றார் சூப்பர்வைசர்.

"சொன்னா சார்."

சலோமி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மூப்பருக்கு முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? சபைப் பொண்ணு, பொய் சொல்லாது."

"அதுக்கு முன்னாடி ஐயா சொன்னதையும் சேர்த்துச் சொல்லணும் சார். தந்தியைப் போன்ல படிச்சுக் காட்டும்போது கடைசி வரியை மட்டுமா படிப்போம்? ஐயா வேற யார்கிட்ட என்ன பேசினாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆபரேட்டர்கிட்ட பேசினதைச் சொல்லலாம்."

"சொல்லுங்க."

தந்தி படிக்கும் குரலில் ஆரம்பித்தேன். யார் மகள் என்று கேட்டது, அப்பா பெயரைச் சொன்னது எல்லாம் வந்தது. அதோடு நின்றுவிட்டேன்.

"என்ன ஆச்சு?"

"அடுத்த வார்த்தை என் வாயில வராது சார். ஐயா வாயில வந்ததுதான். போதகரய்யா இருக்காங்க, நீங்களும் இருக்கீங்க. ஐயாவே ஒரு தடவை சொல்லிடட்டும். சரியா இருக்கான்னு நான் பாத்துச் சொல்றேன்."

போர்டில் ஒரு ஷட்டர் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. போதகர் தன் குடைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாம ஒரு சின்ன ஜெபம் பண்ணிக்குவோமா?" என்றார். எனக்கு வந்த எரிச்சலை எப்படி அடக்கினேன் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும்.

"கோவத்துல ஏதோ ஒண்ணு... நாக்கு தவறிடுச்சு" என்றார் மூப்பர்.

"போன்ல சொல்ல முடிஞ்சதை இங்க ஏன் சொல்ல முடியலைங்க?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

மூப்பர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். புகார் என்ற பேச்சே அதற்குப் பிறகு எழவில்லை. சலோமியிடம் ஒரு வார்த்தை வருத்தமும் சொல்லவில்லை.

கார் போனதும் சலோமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா குடுத்தீங்கக்கா! அந்த ஆளு மூஞ்சியைப் பாக்கணுமே!"

"நீ சொன்னது மட்டும் சரியா?"

"அவன் பேசினதுக்கு வேற என்னக்கா சொல்றது?"

"அவர் பேசினது அவருக்குள்ள இருக்கிறது. நீ பேசினது எங்கேருந்து வந்துச்சு? வந்த நாள்லேருந்து கீயை மூடிட்டு அதையேதானே சொல்லிக்கிட்டு இருந்தே? இன்னிக்குக் கை மறந்துடுச்சு. வாய் மறக்கலை."

அவள் என் கையை விட்டுவிட்டு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

கூலிப் பேச்சு ஒருவழியாக முடிந்து, அவள் அப்பா அறுப்புக்கு இறங்கினார். மூப்பர் இப்போது போனில் வருவதில்லை. கணக்குப்பிள்ளைதான் நம்பர் கேட்கிறார். சபையில் மூப்பருடைய ஜெபமும் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. அந்த வீட்டிலிருந்து ரிங் ஆஃப் இன்றுவரை வரவில்லை.

போன வாரம் பஸ் முதலாளியிடம் சலோமி திட்டு வாங்கினாள். கீயை மூடினாள். வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த ஷட்டரை எடுத்தாள்.

புதிதாக வரும் பெண்களே, கீயை மூடினால் லைன்தான் மூடும். உள்ளே ஓடும் பேச்சு ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதற்கு ரிங் ஆஃப் கொடுக்க வேண்டியது நாம்தான்.

இதைப் படித்துக் காட்டியபோது சலோமி சொன்னாள்: "அந்த ரிங் ஆஃபையாவது யாராவது ஒழுங்கா குடுக்கட்டும்க்கா."