ஓவர்டைம் பார்த்த இதயம்

தெம்பனிஸ் மேம்பாலத்தில் பாதிப் படி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நாற்பத்தாறு வயதில் இதெல்லாம் சகஜம் என்று சொல்லிக்கொண்டு, சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவு வேலைக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் நெஞ்சு அடிப்பது காதுக்குள்ளேயே கேட்டது. மாரடைப்பில்தான் போகப்போகிறேன் என்று முடிவுகட்டி, எந்த நகை யாருக்கு என்றுகூட யோசித்துவிட்டேன்.

கணவர் விடவில்லை. சிராங்கூன் சாலையில் ஒரு கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார். தமிழ்ப் பெண் டாக்டர். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், மறுவாரம் வரச்சொன்னார்.

“ஹார்ட்ல கோளாறு இல்ல. ரத்தத்துல இரும்புச்சத்து ரொம்பக் கம்மி. ஆக்சிஜன் பத்தல, அதான் ஹார்ட் ஓவர்டைம் பாக்குது.”

ஓவர்டைம் என்றால் எனக்குப் புரியும். பாவம், அதற்கு அலவன்ஸும் கிடையாது.

“பீரியட்ஸ் அதிகமா போகுதா?” என்று கேட்டார்.

பக்கத்து நாற்காலியில் கணவர். இருபது வருஷக் குடித்தனத்தில் அந்தப் பேச்சை அவர் முன்னால் நான் எடுத்ததே இல்லை.

“நார்மல்தான்” என்றேன்.

இரண்டு மாதம் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ரத்தத்தில் அதன் அளவு ஏறவில்லை.

“மாத்திரைய டீயோட போட்டீங்களா?”

ஆமாம், தினமும் தே தாரிக்கோடுதான். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாதாம். அந்தக் குற்றத்தை உடனே ஒப்புக்கொண்டேன். மற்றதைவிட அது சுலபமாக இருந்தது.

டாக்டருக்குத் திருப்தியில்லை. “டீ மட்டும் காரணமா இருக்காது. கால் வேற வீங்கியிருக்கு. இப்படியே ஓடுனா ஹார்ட் பெருசாகி, ஒருநாள் களைச்சுப் போயிடும். எங்கயாவது ரத்தம் போகுதா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

கணவர் தொண்டையைச் செருமினார். டாக்டரைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“மாசத்துல பத்து நாளு ரொம்பப் போகுது டாக்டர். காலையில எழுந்ததும் பெட்ஷீட்ட அலசிப் போட்டுட்டு வேலைக்குப் போயிடுவா. கறை முழுசாப் போயிருக்காது. அப்புறம் நான் துவைப்பேன். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டு இருக்கா.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்ததில் அழுகையே வந்துவிட்டது. டாக்டர் ஸ்கேனுக்கு எழுத ஆரம்பித்திருந்தார். இத்தனை நாளும் கறை போனதற்கு நான் மெச்சிக்கொண்டிருந்தது சோப்புத்தூளை.